மழையில் கோதுமை ஏற்றுவதில்லை

தண்டர் பே துறைமுகத்தில் அது சட்டம்.
ஈரம் பட்டால் தானியம் கெடும்.
அந்த அக்டோபரில் எட்டு நாள் பெய்தது.
எட்டு நாளும் உன் கப்பல் காலி வயிறோடு நின்றது.
எடைமேடை அறையில் நான்
எழுத ஏதுமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.
ஒன்பதாம் நாள் வெயில் வந்தது.
இரண்டு பேரும் வானத்தைத் திட்டினோம்,
நீ ஜார்ஜிய மொழியில்,
நான் ஃபின்னிஷில்.

எப்படிச் சந்தித்தீர்கள் என்று விண்ணப்பம் கேட்டது.
ஐந்து வரி இடம்.
மழை என்று எழுதினேன். அடித்தேன்.
பணியிடத்தில் என்று எழுதினேன்.

நம் பேச்சை அச்செடுத்தால்
இருநூற்றுப் பதினான்கு பக்கம்.
சண்டை போட்ட பக்கங்களை எடுத்துவிடு என்றாய்.
எடுக்கவில்லை, ஸ்வியாத்.
பொய்க்குக் கல்யாணம் கட்டியவர்கள்
வால்நட் குழம்பில் எத்தனை பல் பூண்டு என்று
விடியும்வரை அடித்துக்கொள்ள மாட்டார்கள்.

பதூமியில், பதிவகப் படியில், நீ தந்த முத்தம்
இணைப்பு பதினேழு.
உன் அம்மா அதில் கண்ணை மூடியிருக்கிறாள்.

கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பார் என்று
நேர்காணலில் கேட்பார்களாம்.
நாம் சேர்ந்து தூங்கியது மொத்தம் பத்தொன்பது இரவு.
அதில் நான்கு, பேருந்தில்.
ஜன்னல் பக்கம் என்று சொல்லலாமா?

செவ்வாய்க்கிழமை மட்டும்தான் பார்ப்பேன்
என்று உனக்குச் சத்தியம் செய்திருக்கிறேன்.
பொய். தினமும் பார்க்கிறேன்,
கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு.
பரிசீலனையில் உள்ளது.
இருபத்திரண்டு மாதமாக
ஓர் எழுத்துக்கூட நகரவில்லை.
கிணற்றில் போட்ட கல் என்பார்கள்.
இங்கே ஏரியே உறைந்து கிடக்கிறது.
போட்ட கல் மேலேயே இருக்கிறது,
எல்லோரும் பார்க்க.

உனக்கு நாற்பத்து நான்காம் அளவில்
பூட்ஸ் வாங்கி வைத்தேன், தள்ளுபடி விலை.
கதவோரம் நிற்கின்றன.
தபால்காரி டெனீஸ் எட்டிப் பார்த்து
"வந்துட்டாரா?" என்றாள்.
தலையாட்டினேன்.
எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரியில் கடிதம் வந்தது.
உன் மருத்துவச் சான்று காலாவதியாகிவிட்டதாம்.
அதாவது உன் நுரையீரல்,
உன் ரத்தம்,
போன வருஷம் சட்டையைக் கழற்றி
அவர்களுக்குக் காட்டிய நெஞ்சு.
மறுபடி ஆறு மணி நேரம் திபிலிசிக்குப் போனாய்.
மூச்சை இழுத்துப் பிடியுங்கள் என்றார்களாம்.
அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன் என்றாயாம்.
டாக்டர் சிரிக்கவில்லை என்று சொன்னாய்.
நான் சிரித்தேன்.
சிரித்து முடிக்கப்
பாத்திரம் கழுவும் தொட்டியைப்
பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பனிக்குக்கூட ஒரு தேதி உண்டு.
மார்ச் கடைசியில் மதகு திறக்கும் என்று
துறைமுகப் பலகையில் சாக்பீஸால் எழுதிவிட்டார்கள்.
அதற்கு முந்திய ஒரு ஞாயிறு
நள்ளிரவுக்குப் பின் கடிகாரத்தை
ஒரு மணி நேரம் தள்ளி வைத்தோம், ஊரே.
உங்கள் ஊரில் அந்த வழக்கம் இல்லை.
எனக்கு ஒரு மணித் தூக்கம் போனது.
நமக்கு நடுவே ஒன்பது, எட்டானது.
யாரும் கையெழுத்துப் போடவில்லை.
யாரும் இணைப்பு கேட்கவில்லை.

நவம்பரில் திருப்பிப் பிடுங்கிக்கொள்வார்கள்.
தெரியும்.

இன்று வருஷத்தின் முதல் கப்பல் வந்திருக்கிறது.
பெயரை வாசிக்க முடியவில்லை, அவ்வளவு மழை.
மேல்தளத்தில் யாரோ ஒருவன்
சட்டையில்லாமல் நனைந்துகொண்டு நிற்கிறான், பைத்தியம்.
குழாய்கள் எல்லாம் மூடியாகிவிட்டது.
இரவு ஷிஃப்ட்.
எழுத ஏதுமில்லை.
இங்கே பத்து மணி. அங்கே இப்போது ஏழு இல்லை,
ஆறுதான்.
தூங்கிக்கொண்டிருப்பாய்,
ஜன்னல் பக்கமாய்.

மணி அடிக்கிறது.
எடு.